உணர்ந்தார்களா, எழுதினார்களா? மேல்நிலைத் தமிழ் வகுப்புக்குக் கற்றல் நோக்கம் எழுதும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்பில் புறநானூற்றின் 112-ஆம் பாடலை நடத்திவிட்டு, ‘பாரி மகளிரின் துயரம் எவ்வாறு வெளிப்படுகிறது?’ என்று ஒரு சிறுவினா கொடுத்தேன். 42 ஏடுகள் மேசைக்கு வந்தன. அவற்றில் 40 ஏடுகளில் ஒரே விடை: ‘இப்பாடல் கையறுநிலைத் துறையில் அமைந்தது. தந்தையை இழந்த மகளிரின் ஆற்றொணாத் துயரம் இதில் உருக்கமாக வெளிப்படுகிறது.’ நோட்ஸில் இருந்த வரி, ஓர் எழுத்துப் பிசகாமல். மீதி இரண்டில் ஒன்று பாதியில் நின்றிருந்தது. இன்னொன்றில் பாடலையே திரும்ப எழுதி வைத்திருந்தான் ஒரு பையன்.

கோபத்தோடு என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினேன். அதில் என் கையெழுத்தில் இருந்தது: ‘கற்றல் நோக்கம்: பாரி மகளிரின் துயரத்தை மாணவர் உணர்தல்.’ கோபம் போய்விட்டது. உணரச் சொல்லியிருக்கிறேன், உணர்ந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். துயரம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தமிழ் எடுப்பவர்களுக்கும், பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடநூலில் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் கற்றல் நோக்கங்கள் அச்சிட்டிருக்கின்றன. அவை ஓர் இயல் முழுவதுக்கும் பொதுவானவை. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் 45 நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை அவற்றால் சொல்ல முடியாது. அதை நாம்தான் எழுத வேண்டும். நம்மில் பலர் (நானும் வெகுகாலம்) பாடநூலில் உள்ளதை அப்படியே பாடக்குறிப்பில் இறக்கிவிட்டு மேலொப்பம் வாங்கிவிடுகிறோம்.

படி 1: குறிப்பேட்டை மூடிவிட்டுப் பாடலைப் படியுங்கள்

நோக்கம் எழுத உட்காருமுன் பாடலோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும். உரைநூல் வேண்டாம், கைடு வேண்டாம். பத்தாண்டு நடத்திய பாடமானாலும் சரி. ‘இதில் என்னை நிறுத்துகிற இடம் எது?’ என்ற ஒரே கேள்வியோடு படியுங்கள்.

112-ஐயே எடுத்துக்கொள்வோம். ஐந்தே வரி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அந்த மாத நிலவில் எங்கள் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாத நிலவில் குன்றையும் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை. பொருள் அவ்வளவுதான். ‘துயரம்’, ‘கண்ணீர்’, ‘அழுகை’ என்று ஒரு சொல்கூட இந்த ஐந்து வரியில் கிடையாது. அப்படியானால் நெஞ்சை அடைப்பது எது?

முதலில் கண்ணில் படுவது அற்றை, இற்றை. இரண்டு வரிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. சுட்டு மட்டும் ‘அ’விலிருந்து ‘இ’க்கு வந்திருக்கிறது. நிலா அதே நிலா. மாறியதெல்லாம் நிலாவுக்குக் கீழே.

அடுத்தது வரிசை. முதலில் தந்தை, பிறகு குன்று. இரண்டாம் முறை முதலில் குன்று, பிறகு தந்தை. பாடல் தந்தையில் தொடங்கித் தந்தையில் முடிகிறது. ‘உடையேம்’ என்பது போய்க் கடைசிச் சொல்லாக ‘இலமே’ வந்து நிற்கிறது. இதை வகுப்பில் முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி, “மிஸ், அப்பாவைக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க” என்றாள். அதற்கு முன் எத்தனையோ முறை நடத்தியும் எனக்குப் படாத ஒன்று.

மூன்றாவது, ‘வென்றெறி முரசின் வேந்தர்’. வென்றவர்களின் முரசு. மூவேந்தரும் முற்றுகையிட்டும் பறம்புக் குன்றைப் போரில் கொள்ள முடியாமல், பாரியை வஞ்சனையால் கொன்றார்கள் என்பது கதை. அது தெரிந்தபின் இந்த ‘வென்று’ வேறு மாதிரிக் கேட்கும். பழைய உரைகாரரும் இதை இகழ்ச்சிக் குறிப்பு என்றே கொள்கிறார்.

ஆக, ஐந்து வரியில் கற்பிக்கத் தக்க மூன்று இடங்கள். ஒரு பீரியடுக்கு ஒன்று போதும். மூன்றையும் ஒரே மூச்சில் நாமே சொல்லிவிட்டு வந்தால் பிள்ளைகள் அதையும் நோட்ஸ் ஆக்கிவிடுவார்கள்.

படி 2: வினைச்சொல்லை மாற்றுங்கள்

நம் பாடக்குறிப்புகளில் அடிக்கடி வருகிற சொற்கள்: அறிதல், உணர்தல், போற்றுதல், நுகர்தல், ஆர்வம் பெறுதல், திறன் பெறுதல். இவற்றில் எதையும் வகுப்பறையின் பின்சுவரில் சாய்ந்து நின்று ஒருவரால் பார்க்க முடியாது. ஒரு பையன் போற்றிக்கொண்டிருக்கிறானா, சோற்று மணியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறானா என்பது முகத்தை வைத்துத் தெரியாது.

பார்க்கவும் கேட்கவும் கூடிய சொற்கள் வேறு: சுட்டுவார், அடிக்கோடிடுவார், தன் சொல்லில் சொல்வார், ஒப்பிடுவார், வரிசை மாற்றி எழுதிப் பார்ப்பார், சான்று காட்டி நிறுவுவார், சுருக்குவார், திருத்துவார், மறுத்து எழுதுவார். என் சோதனை எளியது. வாக்கியத்தின் முடிவில் ‘எங்கே, காட்டு?’ என்று சேர்த்துப் பார்ப்பேன். ‘துயரத்தை உணர்வார். எங்கே, காட்டு?’ பிள்ளை என்ன செய்யும் பாவம். ‘மாறிய சொற்களை அடிக்கோடிடுவார். எங்கே, காட்டு?’ ஏடு நீளும்.

உணர்தலும் போற்றுதலும் வீண் என்று சொல்ல வரவில்லை. தமிழாசிரியர் வேலைக்கு வந்ததே அதற்குத்தான். ஆண்டுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் அவை இருக்கட்டும். அன்றாடப் பாடக்குறிப்பில் அவற்றுக்கு வேலை இல்லை.

படி 3: செயல், சூழல், அளவு

நோக்கத்துக்கு மூன்று பகுதி வேண்டும் என்பதை 1962-இல் அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்: மாணவர் செய்வது என்ன, எந்தச் சூழலில் செய்வார், எவ்வளவு செய்தால் போதும். பி.எட். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோன சங்கதிதான். தமிழ் வகுப்புக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் இப்படி வரும்:

‘பாடல் கண்முன் இருக்க, உரையைப் பார்க்காமல், முதலிரண்டு வரிகளுக்கும் பின்மூன்று வரிகளுக்கும் இடையே மாறிய இரண்டு இடங்களைச் சுட்டி, அந்த மாற்றம் நம்மை என்ன செய்கிறது என்று மாணவர் நான்கு வாக்கியங்களில் எழுதுவார்.’

‘பாடல் கண்முன் இருக்க’ என்பது முக்கியம். மனப்பாடமாகத் தெரிகிறதா என்பது வேறு சோதனை. இரண்டையும் ஒரே வினாவில் கலந்தால், பாடல் மறந்துபோன பையனுக்கு ஆராயத் தெரியாது என்று நாமே தீர்ப்பெழுதிவிடுவோம். ‘உரையைப் பார்க்காமல்’ ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘நான்கு வாக்கியம்’ என்பது மாணவரைவிட எனக்கே அதிகம் உதவியது. 42 பேர் பக்கம் பக்கமாக எழுதினால் யார் படிப்பது?

அளவு போடும்போது ஒரு கவனம். ‘80 விழுக்காடு சரியாக எழுதுவார்’ என்று சிலர் போடுகிறார்கள். இலக்கண வினாவுக்கு அது சரி, பத்தில் எட்டு. பாடல் பற்றிய நான்கு வாக்கியத்தில் 80 விழுக்காடு என்றால் என்ன பொருள்? ‘பாடலிலிருந்து குறைந்தது ஒரு சொல்லாவது மேற்கோளாக வர வேண்டும்’ என்று போடுங்கள். அது இருக்கும், அல்லது இருக்காது.

படி 4: ஏணியில் எந்தப் படி?

பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956-இல் வெளியிட்ட கல்வி நோக்க வகைப்பாட்டை 2001-இல் லோரின் ஆண்டர்சன் குழுவினர் திருத்தி அமைத்தார்கள். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்று ஆறு படிகள். பயிற்சி வகுப்பில் எல்லாரும் கேட்டதுதான், விரித்துப் பேசவில்லை. தமிழ் வகுப்பில் இதில் நடக்கிற ஒரு ஏமாற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

‘நயம் பாராட்டுக’ என்று வினா இருக்கிறது. பெயரைக் கேட்டால் மதிப்பிடல் படியில் இருக்க வேண்டிய வினா. நடப்பது என்ன? திரண்ட கருத்து, எதுகை நயம், மோனை நயம், இயைபு நயம், அணி நயம், சந்த நயம் என்று தலைப்புகளை மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றின் கீழும் ‘காட்டுக்கு யானை அழகு, பாட்டுக்கு மோனை அழகு’ என்கிற மாதிரி ஒரு வரியைப் போட்டு, பாடலிலிருந்து இரண்டு சொல்லைப் பொறுக்கி வைத்துவிடுகிறார்கள். முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கண்டுபிடிப்பதும் எளிது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. வினாவின் பெயர் மதிப்பிடல், பிள்ளை செய்த வேலை நினைவுகூர்தல்.

இதை மாற்ற வினாவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நோக்கத்தில் ஒரு வரி கூட்டினால் போதும்: ‘எதுகையைச் சுட்டி, அந்தச் சொல்லுக்குப் பதில் அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போட்டுப் படித்து, எதை இழந்தோம் என்று ஒரு வாக்கியம் எழுதுவார்.’ ‘அற்றைத் திங்கள்’ என்பதை ‘சென்ற திங்கள்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். அற்றை–இற்றை என்ற ஒட்டு அறுந்துபோகும். இரண்டு இரவுகளும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியாக நிற்கும். இதை ஒரு முறை செய்து பார்த்த பிள்ளைக்கு எதுகை எதற்கு என்று விளக்க வேண்டியிருக்காது.

மனப்பாடம் கீழ்ப்படி என்று இகழவும் வேண்டாம். 112-ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவள்தான் அப்பாவைக் கடைசிக்குத் தள்ளியதைக் கண்டாள். வாயில் பாட்டு இருந்தது. வரிசை மாறியது நாக்கிலேயே தட்டியிருக்கிறது.

படி 5: எழுத்துக்குத் தனி நோக்கம்

இலக்கியத்துக்காவது ஏதோ ஒரு நோக்கம் எழுதுகிறோம். கட்டுரைக்கு? ‘கட்டுரை எழுதும் திறன் பெறுதல்’ என்று எழுதிவிட்டு, தலைப்பையும் குறிப்புச்சட்டத்தையும் கரும்பலகையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரையின் முடிவுரையும் நூலகம் பற்றிய கட்டுரையின் முடிவுரையும் பல ஏடுகளில் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எழுதுவது என்பது பத்துப் பதினைந்து சின்ன வேலைகளின் மூட்டை. மூட்டையைப் பிரித்து ஒரு வகுப்புக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். நான் பிரித்துவைத்திருப்பவற்றில் மூன்றை மட்டும் இங்கே காட்டுகிறேன்.

கண்டதை எழுதுவது முதலாவது. பத்தாம் வகுப்பில் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு மாணவன் எழுதியது: ‘எங்கள் ஊர்க் குளம் மிகவும் அழகாக இருக்கும். அது இயற்கை நமக்குத் தந்த கொடை. அதைப் பார்த்தால் மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.’ எந்த ஊரின் எந்தக் குளத்துக்கும் இது பொருந்தும். மறுநாள் நோக்கத்தை மாற்றினேன்: ‘மிகவும், அழகு, இயற்கை ஆகிய மூன்று சொற்களும் இல்லாமல், கண்ணால் கண்டது இரண்டும் காதால் கேட்டது ஒன்றும் வரும்படி ஐந்து வாக்கியம் எழுதுவார்.’ அதே பையன் எழுதியது: ‘படித்துறையில் ஆறாவது படிவரைதான் தண்ணீர் நிற்கும். ஏழாவது படியில் என் தாத்தா காலத்தில் யாரோ வெட்டிய பெயர் இருக்கிறதாம், நான் பார்த்ததில்லை. ஆகாயத்தாமரை ஒரு பக்கம் மூடிவிட்டது. மத்தியானம் போனால் துணி துவைக்கிற சத்தம் எதிர்க்கரையில் ஒரு முறை திரும்பக் கேட்கும். சாயங்காலம் அந்தச் சத்தம் வராது.’ ஏன் சாயங்காலம் வராது என்று கேட்டேன். “தெரியல மிஸ், வராது.” அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அவனுக்கு மொழி முன்பும் இருந்தது. எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் சொல்லப்படாமல் இருந்தது.

வாதம் எழுதுவது இரண்டாவது. இதற்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் கண்ணகியின் சினத்தை மட்டுமே நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவள் வாதாடுகிற முறையைப் பாருங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் மன்னன். அது பொதுவிதி, அதை அவள் மறுக்கவில்லை. கோவலன் கள்வனா என்ற ஒரே புள்ளிக்கு வழக்கைக் கொண்டுவருகிறாள். தன் காற்சிலம்பு ‘மணியுடை அரியே’ என்கிறாள். ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்கிறான் அவன். உடைப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று இருவரும் வாய்திறந்து சொல்லிவிடுகிறார்கள். இனி எது வந்தாலும் யாரும் பேச்சை மாற்ற முடியாது. பிறகுதான் சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது.

இதிலிருந்து எழுத்து வகுப்புக்கான நோக்கம்: ‘பள்ளியில் கைப்பேசியை அனுமதிக்கலாமா என்பது பற்றி, எதிர்த்தரப்பு சொல்வதில் தனக்கு உடன்பாடான ஒன்றை முதல் வாக்கியத்தில் ஏற்று, கருத்து மோதுகிற புள்ளியை இரண்டாம் வாக்கியத்தில் சொல்லி, எந்தச் சான்று கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பதையும் சேர்த்து ஒரு பத்தி எழுதுவார்.’ பன்னிரண்டாம் வகுப்பில் இதைக் கொடுத்தபோது கடைசிப் பகுதியில்தான் எல்லாரும் தடுக்கி விழுந்தார்கள். “நாமே தோத்துப்போறதுக்கு வழி சொல்லணுமா மிஸ்?” என்று கேட்டான் ஒருவன். பாண்டியன் அதைத்தானே செய்தான் என்றேன். வகுப்பு கொஞ்சம் அமைதியானது.

மூன்றாவது, பிழை திருத்தம். ஏடு முழுக்கச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடும். ‘சந்திப்பிழையின்றி எழுதுவார்’ என்பது நமக்கே கைவராத நோக்கம். பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது? இப்படிச் சுருக்குங்கள்: ‘தான் எழுதிய பத்தியில் ஐ, கு உருபுகளுக்குப் பின் வல்லினம் வரும் இடங்களை எல்லாம் தானே தேடி, மிக வேண்டிய இடத்தில் ஒற்று இடுவார்.’ பாடலைப் படித்தான், வீட்டுக்குப் போனான். இரண்டு வாரம் இது மட்டும். அடுத்த இரண்டு வாரம் அந்த, இந்த, எந்த. அந்தப் பையன், இந்தக் கதை. அந்த நாள்களில் மற்ற சந்திப்பிழைகள் கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள். முதலில் பேனா பிடித்த கை அரிக்கும், பழகிவிடும்.

படி 6: முடிவிலிருந்து திட்டமிடுங்கள்

நோக்கம் எழுதிய கையோடு, பீரியட் முடியும்போது பிள்ளை கையில் கொடுக்கப்போகும் வினாவையும் எழுதிவிடுங்கள். வினா எழுத வரவில்லை என்றால் நோக்கத்தில் ஓட்டை இருக்கிறது, திரும்பப் போங்கள்.

நான் அரைத்தாள் முறை வைத்திருக்கிறேன். மணி அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு அரைத்தாள். ஒரு வினா, நான்கு வாக்கியம். மதிப்பெண் கிடையாது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மூன்று கட்டாகப் பிரிப்பேன்: பாடலிலிருந்து சொல்லெடுத்துக் காட்டி விளக்கியவர்கள், சொல்லைக் காட்டிவிட்டு விளக்காமல் நின்றவர்கள், பாடலையே தொடாமல் பொதுவாகப் பேசியவர்கள். 42 தாளுக்கு 15 நிமிடம் போதும். மறுநாள் வகுப்பை எங்கே தொடங்குவது என்பதை நடுக்கட்டு சொல்லிவிடும். முதல் கட்டிலிருந்து ஒரு தாளைப் பெயர் சொல்லாமல் படித்துக் காட்டுவேன். மூன்றாம் கட்டிலிருந்து எதையும் படிக்க மாட்டேன்.

ஒரு முறை மூன்றாம் கட்டில் 31 தாள் விழுந்தது. அன்று தவறு வினாவில். ‘பாடலின் சிறப்பை எழுதுக’ என்று கேட்டிருந்தேன். சிறப்பு என்று கேட்டால் சிறப்பு என்றுதான் எழுதுவார்கள்.

படி 7: ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு

ஒரே திறன் நான்கு ஆண்டும் அதே இடத்தில் நிற்கிறதா, ஏறுகிறதா என்று பார்க்க ஆண்டு நோக்கங்கள் வேண்டும். பள்ளியில் தமிழாசிரியர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால் ஜூன் மாதம் ஒரு மதியம் சேர்ந்து உட்காருங்கள். பதினைந்து இருபது எழுதாதீர்கள். வகுப்புக்கு ஆறு போதும்.

சங்கப் பாடலுக்கு எங்கள் ஏணி இது. ஒன்பதில், பேசுவது யார், யாரிடம், எந்தச் சூழலில் என்பதைப் பாடல்வரியைக் காட்டித் தன் சொல்லில் சொல்வார். பத்தில், திரும்ப வரும் சொல்லையோ மாறிய சொல்லையோ சுட்டி அதன் விளைவை எழுதுவார். பதினொன்றில், பாடல் பற்றித் தன் கருத்து ஒன்றை முன்வைத்து இரண்டு சான்றுகளோடு ஒரு பத்தியாக்குவார். பன்னிரண்டில், ஒரே பொருளைப் பேசும் இரண்டு பாடல்களை ஒப்பிடுவார், அல்லது உரைகாரர் கருத்தை ஏற்றோ மறுத்தோ எழுதுவார். ‘வென்றெறி முரசின்’ என்பது இகழ்ச்சிதானா, இல்லை வேந்தருக்கு வழக்கமாகப் போடுகிற அடைமொழி மட்டுமா என்று பன்னிரண்டாம் வகுப்பில் விவாதிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் அதை எடுத்தால் நாம் மட்டும் பேசிக்கொண்டிருப்போம்.

சிறுகதைக்கு ஏணி சின்னது: கதை சொல்பவர் யார் என்று காட்டுவது, அவருக்குத் தெரியாமல் வாசகருக்கு மட்டும் தெரிவது எது என்று சொல்வது, ஒரு காட்சியை வேறு பாத்திரத்தின் வாயால் திரும்ப எழுதுவது. கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதை மட்டும் நான்கு ஆண்டும் தொடராதீர்கள்.

படி 8: மெல்லக் கற்போருக்கு

இங்கேதான் நல்ல மனதோடு ஒரு தவறு செய்கிறோம். ‘இவங்களுக்கு மனப்பாடப் பகுதி, சொல்பொருள் போதும், பாஸ் ஆனா சரி’ என்று நோக்கத்தையே குறைத்துவிடுகிறோம். திருப்புதல் தேர்வு நெருங்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் ஜூனிலேயே அதைத் தொடங்குவது அநியாயம்.

நோக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு கைப்பிடியைக் கூட்டலாம். நான்கு வாக்கியம் எழுத வராதவருக்கு வாக்கியத் தொடக்கங்களைக் கொடுங்கள்: ‘முதலில் பாடல் ... என்கிறது. பிறகு அதே இடத்தில் ... என்று மாறுகிறது. இந்த மாற்றத்தால் ...’ எழுத்தே தடங்கலாக இருப்பவர் வாயால் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலருக்குப் பேச்சில் இருக்கிற கூர்மை எழுத்தில் இறங்க நாளாகும். அற்றை–இற்றை பாடலைப் பற்றி அப்படி ஒரு பையன் சொன்னது: “நெலா வந்துச்சு, அப்பா வரல.” இந்த நான்கு சொல்லை நோட்ஸ் வாக்கியத்தால் ‘சீர்திருத்தி’ விடாதீர்கள். அதை அப்படியே முதல் வாக்கியமாக வைத்து, அடுத்த வாக்கியத்தை எழுத்துநடையில் எழுதச் சொன்னேன். எழுதினான்.

படி 9: பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

நோக்கம் பாடக்குறிப்பேட்டில் மட்டும் இருந்தால் அது மேலதிகாரி பார்வைக்கு வரும்போது காட்டத்தான். கரும்பலகையின் மூலையில் பிள்ளைகள் பேசுகிற தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: ‘இன்னைக்கு மணி அடிக்கும்போது, இந்தப் பாட்டுல மாறின ரெண்டு இடத்தை நீங்களே காட்டுவீங்க.’ பீரியட் முழுக்க அது அங்கேயே இருக்கட்டும். பேச்சு எங்காவது அலைந்துபோனால் (என் வகுப்பில் அலையும்) யாராவது ஒரு பிள்ளை மூலையைக் காட்டும்.

‘மார்க் வருமா?’

பெற்றோர் கேட்கிறார்கள், தலைமையாசிரியர் கேட்கிறார், பிள்ளைகளே கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்த் தாள் 90, அகமதிப்பீடு 10. அந்தத் 90-இல் இலக்கணக்குறிப்பும் பகுபத உறுப்பிலக்கணமும் மனப்பாடப் பாடலும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்குப் பழக்கமும் வேண்டும், திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கவும் வேண்டும். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு பீரியட் இந்த முறையில் போனால் போதும். நெடுவினாவைக் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டால், நோட்ஸ் வரியை மட்டும் நம்பியவர் உட்கார்ந்துவிடுவார். பாடலிலிருந்து சொல்லெடுத்துப் பேசப் பழகியவர் எதையாவது எழுதிவிடுவார். அதற்குமேல் எந்த உறுதியும் என்னால் தர முடியாது.

மாதத்தில் ஒரு பீரியடை நோக்கம் எதுவும் இல்லாமல் விட்டுவிடுங்கள். ஒரு நல்ல கதையை உரக்கப் படியுங்கள், வினா கேட்காமல் வெளியே வாருங்கள். பாடக்குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்டால், அன்றைக்கு மட்டும் ‘உணர்தல்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. பாடக்குறிப்பேட்டில் நோக்கத்துக்கு எதிரே ‘நடந்தது’ என்று ஒரு கட்டம் போட்டுவைத்திருக்கிறேன். அரைத்தாள்களைப் பிரித்து முடித்ததும் அதில் ஒரு வரி எழுதுவேன். இந்த ஆண்டு 112-க்கு எதிரே இருப்பது: ‘26 பேர் வரிசை மாறியதைப் பிடித்துவிட்டார்கள். 8 பேர் இன்னும் முரசிலேயே நிற்கிறார்கள். அவர்களோடு வியாழன் மூன்றாம் பீரியட்.’